சூடம் அணைத்தவரின் பேரன்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் லாட்ஜ் மேசையில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா, வெந்நீர் எப்போது வரும், எண்ணெய் தேய்த்துவிட ஆள் கிடைக்குமா என்று வருகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். பழைய குற்றாலம் சாலையில் உள்ள ஒரு லாட்ஜில் அந்த மேசைக்காரர் இசக்கிப்பாண்டி. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, சாவியை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, குனிந்து சீனம் படிப்பார். அதுவும் இன்றைய சீனாக்காரனே அகராதியைத் தேடுகிற பழஞ்சீனம். ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முந்தையது.

"ஜாதகம் பாக்கிறீங்களா அண்ணாச்சி?" என்று ஈரத்தலையோடு யாராவது எட்டிப் பார்ப்பார்கள். "ஆமா" என்று சொல்லிவிடுவார். உண்மையை விளக்கப் போனால் மதியச் சாப்பாடு தாண்டிவிடும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசை இன்னும் பட்டாளத்திலேயேதான் இருக்கிறது. பெரிய படிப்பாளி வீட்டுப் பிள்ளை இல்லை. பண்பொழிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த உறவுக் கூட்டத்தில் வயலில் நிற்காதவர்கள் போலீஸிலோ பட்டாளத்திலோ நிற்பார்கள்; வேறு போக்கிடம் யாரும் யோசித்ததில்லை. அப்படிப்பட்டவர் ஓய்வுக்குப் பிறகு தென்காசியில் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகச் சேர்ந்து, 'தொடக்ககாலத் தாவோ மறைநூல்களில் பௌத்தத்தின் தாக்கம்' என்று முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதினார் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு எழுதினார்.

பட்டம் அவருக்கு இரண்டாம் பட்சம். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: தாத்தா செய்த தப்பு பேரன் தலையில் விடியுமா, விடியாதா?

தாத்தா செய்தது ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு கிணறு யாருக்கு என்று தாத்தாவுக்கும் அவருடைய பங்காளிக்கும் தகராறு. வழக்கு, வக்கீல் என்று அலையாமல் இசக்கியம்மன் முன்னால் தீர்த்துக்கொள்வோம் என்றார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, கிணறு என்னுடையது என்று சத்தியம் செய்கிறவருக்குக் கிணறு. தாத்தா கை நடுங்காமல் அணைத்தார். கிணறு வந்தது. அது பொய் என்று ஊருக்கே தெரியும். அந்தக் கிணற்றை யார் கூலி கொடுத்து வெட்டச் சொன்னார் என்பதற்கு, வெட்டிய ஆட்களே உயிரோடு சாட்சி இருந்தார்கள். ஆனால் அம்மன் முன்னால் அணைத்த சூடத்துக்கு மேல் பேச எவருக்கும் வாய் வரவில்லை.

வாய்தான் வரவில்லை, தண்டனை வந்தது. அன்றிலிருந்து கோவில் கொடைத் திருவிழாவில், அந்த அம்மனைக் குலசாமியாகக் கும்பிடுகிற கூட்டத்தார் எல்லாருடைய பொங்கல் பானையும் கோவில் வளாகத்துக்குள், இசக்கிப்பாண்டி வீட்டுப் பானை மட்டும் மதிலுக்கு வெளியே. அவருடைய அப்பாவைப் பாம்பு கடித்தபோது, சத்தியம் கடித்துவிட்டது என்றார்கள். தம்பி செங்கோட்டை ரோட்டில் லாரி மோதிச் செத்தபோது, துக்கம் கேட்க வந்த இடத்திலேயே அதைச் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் வேண்டாம்.

அவர் வீட்டாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தாத்தா சொன்னது நிஜம், கிணறு எங்களுடையதுதான் என்று மூன்று தலைமுறையாக ஒரே பிடியாக நின்றார்கள். உள்ளுக்குள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பொய் என்று ஒத்துக்கொண்டால் சாபத்தையும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே என்ற பயம். வீம்பும் பயமும் ஒன்று சேர்ந்தால் வாய் எப்படித் திறக்கும்?

இதையெல்லாம் விட்டுத் தொலைந்தால் போதும் என்றுதான் அவர் பட்டாளத்துக்கு ஓடினார். அங்கே எல்லை முகாம்களுக்குச் சீனம் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று தேர்வு வைத்தார்கள். தேர்வு வைத்த அதிகாரி, இவர் வாயில் 'ழ' வருவதைக் கேட்டுவிட்டு, இந்த ஒலியே வருகிறவனுக்கு எந்த மொழிதான் வராது என்று முடிவு கட்டிவிட்டாராம். அதிகாரியின் அந்தக் கணக்கு தப்பு. ஆனால் ஆள் தேர்வு சரி. பாண்டிக்குச் சீனம் வந்தது. பனிமலையில் இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும் நடுவே நின்று, ஒருவர் கோபத்தை இன்னொருவருக்கு அளவாக மொழிபெயர்த்துக் கொடுக்கிற வேலை. அதில் அவர் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார்.

மொழிப் பயிற்சிக்கூடத்து நூலகத்தில்தான் அது நடந்தது. தாவோ என்பது சீனர்களின் சொந்தச் சமயம். அந்தச் சமயத்தின் மிகப் பழைய நூல் ஒன்றைப் பாடத்துக்காகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நல்லவன் ஏன் கஷ்டப்படுகிறான் என்ற கேள்விக்கு அந்த நூல் சொன்ன பதில், முன்னோர் செய்த குற்றம் குவிந்து குவிந்து அவன் தலையில் இறங்கியிருக்கிறது என்பது. பாண்டிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தப்பித்து ஓடிவந்த இடத்திலும் இசக்கியம்மன் கோவில் மதில் வந்து நின்றால் யாருக்குத்தான் பயம் வராது? சாபம் சீனா வரைக்கும் நீளும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் படிப்பை அங்கே நிறுத்தவில்லை. அதற்கு இருநூறு, முந்நூறு வருடம் கழித்து எழுதப்பட்ட தாவோ மறைநூல்களைத் தேடிப் படித்தார். அங்கே கதை மாறியிருந்தது. இடையில் நம் நாட்டுப் பக்கமிருந்து பௌத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுபிறவி வந்துவிட்டது. எட்டுத் திசை பத்தாகிவிட்டது. ஒழுக்க விதிகள் வந்துவிட்டன. தேவர்களின் பேச்சு என்று சொல்லி, பொருளே இல்லாமல், சமஸ்கிருதம் போல ஒலிக்கிற சொற்களைக்கூட வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவனவன் செய்தது அவனவனுக்கே என்ற பேச்சும் வந்துவிட்டது.

பாண்டிக்கு அப்போதே ஊருக்குத் தந்தி அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே அதே நூல், ஏழு தலைமுறை முன்னோரை மீட்கச் சடங்கு சொல்லியது. அவனவன் வினை அவனவனுக்கு என்றால், செத்துப்போன தாத்தாவுக்கு இவன் ஏன் சடங்கு செய்கிறான்? ஒன்று இது பொய், இல்லை அது பொய். அந்த முடிச்சு அவரை விடவே இல்லை. ஓய்வு பெற்று வந்து ஆய்வேடு எழுதியபோதும் முடிச்சு அப்படியே இருந்தது. இரண்டையும் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்லி எழுதினார். ஏன் என்று எழுதத் தெரியவில்லை.

ஆய்வேடு மதிப்பீட்டுக்குப் போய்வந்து, கடைசியாகப் பொது வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். மேடையில் நின்று, தேர்வாளர் கேட்பதற்கும் கூடியிருப்பவர்கள் கேட்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். பொதுமக்கள் அனைவரும் கலந்துகொண்டு வினாக்கள் எழுப்பலாம் என்று கல்லூரி அறிவிப்பு ஒன்று கொடுத்தது. எல்லாக் கல்லூரியும் கொடுக்கிற அறிவிப்புத்தான். யாரும் வருவதில்லை. அவருடைய மனைவி பேராச்சி அதைப் பெருமையாக, கூட்டத்தாரின் கொடை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

"வாழ்த்துச் சொல்லுவாவன்னு போட்டேன்" என்றாள் பிறகு.

அவர்கள் வாழ்த்துச் சொல்லவில்லை. வேன் பிடித்தார்கள். ஏனென்றால் அந்தக் கூட்டத்தாரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கூட்டம் என்று அழைத்துவிட்டால், பகையாளியாக இருந்தாலும் வீட்டுக்கு ஒருவர் போயாக வேண்டும். போனால் சும்மா உட்கார்ந்துவிட்டு வரக்கூடாது, கேள்வி கேட்க வேண்டும். கேட்காமல் எழுந்து வந்தால் அழைத்தவனை மதிக்கவில்லை என்று அர்த்தம். கோவில் கூட்டத்துக்கு உள்ள அந்த மரியாதையை அப்படியே முனைவர் பட்டத் தேர்வுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். உலகத்தில் வேறு எந்தக் கூட்டத்தாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

தேர்வு நாளில் கருத்தரங்கக் கூடத்தின் வாசலில் வேன் வந்து நின்றபோது, பாண்டி கணினியில் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முதலில் இறங்கியவர் தங்கசாமிப் பெரியப்பா. கோவில் நிர்வாகி. கிணற்றைப் பறிகொடுத்த பங்காளியின் மகன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலில் தூசி. பின்னால் அவர் வீட்டுப் பெண்கள், மற்ற வீட்டுக்காரர்கள், விடுப்பில் வந்திருந்த இரண்டு போலீஸ் ஏட்டையாக்கள்.

பேராச்சி பாண்டியிடம் ஓடிவந்தாள். "ஏங்க, இவ்வளவு பேரு வந்திருக்காவ. வாங்கின வடை காணாதே."

"வடை கெடக்கட்டும். இவிய என்ன கேக்கப் போறாவளோ" என்றார் பாண்டி.

அவருடைய நெறியாளர் பேராசிரியை சண்முகசுந்தரி கூட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆய்வுக்கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்து அவர் பார்த்ததே இல்லை. மகிழ்ச்சியில், "எல்லாரும் தயங்காமல் கேளுங்கள்" என்று வேறு சொல்லிவிட்டார். பாண்டி அரைமணி நேரம் பேசினார். பத்துத் திசை என்று சொன்னபோதே பின்வரிசையில் ஓர் ஏட்டையா எழுந்து, "எட்டுத்தானய்யா?" என்றார்.

"மேலயும் கீழயும் சேத்துக்கிடுங்க" என்றார் பாண்டி. ஏட்டையா திருப்தியாக உட்கார்ந்தார். அவர் வீட்டுக் கேள்வி முடிந்தது.

பிறகு புறத்தேர்வாளர் விஜயசங்கர் கண்ணாடியை மாட்டினார். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பல வருடம் சீனம் கற்பித்தவர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் ஒரு வரியைக்கூடத் தாண்டவிட மாட்டார்.

"உங்கள் உழைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அடிப்படையான ஓர் இடத்தில் ஓட்டை இருக்கிறது" என்றார். "இந்த நூல்களை எழுதியவர்கள் பொருள் தெரியாமல் சமஸ்கிருத ஓசையைக் காப்பியடித்தார்கள் என்று நீங்களே காட்டுகிறீர்கள். வினைக் கொள்கையையும் அப்படித்தான் காப்பியடித்தார்கள் என்று நான் சொல்கிறேன். புரிந்திருந்தால், அவனவன் வினை அவனவனுக்கு என்று எழுதிய கையால் முன்னோரை மீட்கும் சடங்கை எழுதியிருக்க மாட்டார்கள். இல்லை, தெரிந்தேதான் செய்தார்கள் என்கிறீர்கள். ஏன் செய்தார்கள்?"

பாண்டி தண்ணீர் குடித்தார். சீனர்களின் குடும்பப்பற்று என்றார். அது போதாது என்றார் விஜயசங்கர். பௌத்தத்திலும் முன்னோருக்குப் புண்ணியம் சேர்க்கும் வழக்கம் உண்டு என்றார் பாண்டி. அப்படியென்றால் அதையும் சேர்த்துக் காப்பியடித்தார்கள், அவ்வளவுதானே என்றார் விஜயசங்கர். வருடக்கணக்கில் சுமந்த கேள்வி, கடைசி நாளில் எல்லார் முன்னாலும் பாண்டியைக் கவிழ்த்துவிட்டது. கூட்டத்தார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் பெரிய வெட்கமாக இருந்தது.

சண்முகசுந்தரி நிலைமையைச் சமாளிக்க, "பார்வையாளர்கள் கேட்கலாம்" என்றார்.

தங்கசாமி எழுந்தார். முன்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே பாண்டி, நீ சொன்னதுல பாதி வெளங்கல, பாதி வெளங்கிச்சு. அவனவன் செஞ்சது அவனவனுக்குன்னு அந்த நாட்டுக்காரன் ஒத்துக்கிட்டான்னு சொல்லுத. பொறவு ஏழு தலைமுறைக்குப் பூசையும் போடுதான்னு சொல்லுத. அது கெடக்கட்டும். இங்கன உன் தாத்தா எங்கப்பன் கெணத்துக்குச் சூடம் அணைச்சாரு. அது உனக்கு வருமா, வராதா? அதைச் சொல்லு."

பேராச்சி தலையைக் குனிந்துகொண்டாள். சண்முகசுந்தரி பதறி, "ஐயா, ஆய்வேடு சம்பந்தமாக மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

விஜயசங்கர் கையை உயர்த்தினார். "இருக்கட்டும் மேடம். நான் கேட்டதும் இதைத்தான். அவர் பதில் சொல்லட்டும்."

பாண்டி பெரியப்பாவைப் பார்த்தார். இத்தனை வருடமாக மனதுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வியை, கேட்க உரிமை உள்ள ஒரே மனிதர் நேரில் நின்று கேட்கிறார். ஆய்வாளராகப் பதில் தேடியபோது கிடைக்காதது, பேரனாக நின்றபோது பளிச்சென்று தெரிந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வராது பெரியப்பா" என்றார்.

பின்வரிசைகளில் சலசலப்பு. பாண்டி மேடையை விட்டு இறங்கி வந்தார்.

"வரும்னா என்ன ஆவும்னு பாருங்க. நானும் அந்தக் குத்தத்துக்குள்ளதான கெடக்கேன்? உள்ள கெடக்கவன் இன்னொருத்தனுக்கு ஜாமீன் போட முடியுமா? நம்ம கூட்டத்துல பாதிப் பேரு போலீஸ், தெரியும்லா."

ஏட்டையாக்கள் தலையாட்டினார்கள்.

"அந்தக் காலத்துல அந்தச் சீனாக்காரவியளும் அப்படித்தான் கெடந்தாவ. முன்னோர் குத்தம் இறங்கி வீட்டோட எல்லாரையும் கட்டிப்போட்டிருச்சு. அப்பம் புத்த பிக்குமார் போயி, உன் வினை உன்னோடதுதான்னு சொன்னாவ. அதைக் கேட்டுட்டு, தாத்தா எக்கேடும் கெடட்டும்னு அவிய விட்டுரல. அன்னைக்குத்தான் அவியளுக்கு வெளிய நிக்க ஒரு எடம் கெடைச்சுது. வெளிய நிக்கவன்தான் உள்ள கெடக்கவனைக் கூட்டியார முடியும்." பிறகு தேர்வாளர் பக்கம் திரும்பினார். "அதான் சார், ரெண்டையும் வச்சாங்க. முதல் பேச்சு இல்லேன்னா அந்தச் சடங்கு நடக்காது. வெறும் ஓசையைக் காப்பியடிச்சவங்களுக்கு இது தோணியிருக்காது. புரிஞ்சவங்களுக்குத்தான் தோணும்."

விஜயசங்கர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது உங்கள் ஆய்வேட்டில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

"இல்ல சார். இப்பத்தான் தெரிஞ்சுது."

கூடம் சிரித்தது. விஜயசங்கரும் சிரித்துவிட்டார். "அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் சேர்த்துவிடுங்கள். நான் இவ்வளவு தூரம் வந்தது வீண்போகவில்லை" என்றார்.

சண்முகசுந்தரி கைதட்டத் தொடங்கினார். ஆனால் தங்கசாமி உட்காரவில்லை. அவருடைய கேள்வி இன்னும் முடியவில்லை.

"உனக்கு வராதுன்னா, அன்னைக்குச் செஞ்சது யாருலே?"

பாண்டியின் அப்பா சாகும்வரை சொல்லாதது அது. வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாதது. இனி அதைச் சொன்னால் தன் தலையில் ஒன்றும் விழாது என்று இப்போதுதான் அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். சொன்னதை நம்புகிறாரா என்பதுதான் மிச்சம்.

"எங்க தாத்தா" என்றார். "கெணறு உங்க அப்பாவோடது பெரியப்பா. எங்க தாத்தா செஞ்சது பொய்ச்சத்தியம். எங்க வீட்டுல இருந்து இதை ஒருத்தரும் சொல்லல. நான் சொல்லுதேன். அவருக்காக உங்கட்ட மாப்பு கேக்கேன்."

தங்கசாமி துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எண்பதை நெருங்குகிற மனிதர் அத்தனை பேர் நடுவில் அழுதார், மறைக்கவும் இல்லை.

"எங்கப்பா சாகக் கெடக்கையில இந்த ஒரு சொல்லுக்குத்தாம்ல உசுரைப் பிடிச்சுக்கிட்டு கெடந்தாரு. கெணத்தைக் கேக்கல அவரு. பொய்யின்னு ஒரு வாட்டி சொல்லட்டும்னாரு. உன் தாத்தா வரவே இல்ல." அவர் மூச்சை இழுத்துவிட்டார். "ஒரு கெழவனைத்தான் மீட்கப் போறேன்னு நெனச்சு நீ பேசுத. எங்கப்பாவையும் சேத்துல்லா அவுத்து விட்டிருக்க."

பாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா கையை உருவிக்கொள்ளவில்லை.

"வார கொடைக்கு உன் பானை உள்ள வருது" என்றார் தங்கசாமி. இப்போது அது நிர்வாகியின் குரல். கூடம் முழுக்கக் கேட்டது. "எங்க அடுப்புக்குப் பக்கத்துல உன் அடுப்பு. யாருக்காவது மறுப்பு உண்டுன்னா இங்கனயே எந்திரிச்சுச் சொல்லிருங்க."

யாரும் எழவில்லை.

விஜயசங்கர் இதற்காகக் காத்திருந்தவர் போல எழுந்து, இசக்கிப்பாண்டிக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். அறிவித்து முடிப்பதற்குள் குலவைச் சத்தம் கிளம்பிவிட்டது. கல்லூரிக் கருத்தரங்கக் கூடம் அதுவரை கேட்டிராத சத்தம். பக்கத்து வகுப்பறைகளிலிருந்து மாணவர்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். முதல் குலவை தங்கசாமி வீட்டுப் பெண்களின் வரிசையிலிருந்துதான் எழுந்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர்களோடு ஒரு குலவையிலும் சேராத பேராச்சி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, எழுந்து போய் அவர்களுக்கு நடுவில் நின்று குரல் கொடுத்தாள்.